ஈரலுக்கு எல்லா மருந்துச் சீட்டும் ஒன்றுதான்

மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் தாமான்களிலும் வலிப்பு நோயாளிகளுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவரும் தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும்,

ஜாசினானாலும் மெர்லிமாவானாலும் அலோர் காஜாவானாலும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எது படுக்கப் போகும்போது என்பதை நோயாளியைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள்தான். பொட்டலத்தின் மேல் எழுதியது அழிந்துபோனாலும் நிறத்தையும் அளவையும் வைத்தே மாத்திரையை அடையாளம் காண்பவர்கள். ஆகவே இதை மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பேசப்போவது ஒரு பழைய மாத்திரையைப் பற்றி: பினோபார்பிட்டோன். வலிப்புக்குக் கொடுப்பது, தூக்கத்தையும் வரவழைப்பது. மூளையை அமைதிப்படுத்தும் மருந்து என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி வலது விலாவுக்கு அடியில், ஈரலில் நடக்கிறது. இந்த மாத்திரை ஈரலின் உயிரணுக்களைச் சில புரதங்களை வழக்கத்தைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்யவைக்கிறது. உடம்புக்குள் வரும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவதே, நொதிகள் எனப்படும் அந்தப் புரதங்களின் வேலை. அதனால் அதே பையில் கிடக்கும் வேறொரு மாத்திரை, எழுதிக் கொடுத்த மருத்துவர் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். இந்த மாத்திரையை நிறுத்தினாலோ, அந்த இன்னொன்று அளவுக்கு மீறி வேலை செய்யலாம். இதைச் சாப்பிடுகிறவரின் முழு மருந்துப் பட்டியலை ஒவ்வொரு கவுண்டரிலும் காட்டுவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது ஊகமில்லை. 1912-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 'லுமினால்' என்ற பெயரில் பினோபார்பிட்டோனைத் தூக்க மருந்தாக விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், இதைக் கொடுத்த நோயாளிகளுக்கு வலிப்பும் குறைவதைக் கண்டு எழுதினார். நூறாண்டு கடந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. மலிவான, நம்பகமான மருந்து. ஆனால் நாள் செல்லச் செல்ல, பார்பிட்டுரேட் எனப்படும் இவ்வகை மருந்துகளின் வேகம் குறைவது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மூளை பழகிப்போகிறது என்றார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் போதாத விளக்கம். 1950களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ரெம்மரும் அமெரிக்காவில் ஆலன் கான்னியும் அவர்களுடைய சகாக்களும் ஆய்வகத்தில் கண்டது இது: சில நாட்கள் பார்பிட்டுரேட் கொடுக்கப்பட்ட எலிகள், வேறொரு தூக்க மருந்து கொடுத்தால் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. அவற்றின் ஈரல் அந்த மருந்தை முன்னைவிட வேகமாகச் சிதைத்துக்கொண்டிருந்தது. 1963-இல் ரெம்மரும் மெர்க்கரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஈரல் உயிரணுவுக்குள் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் தங்கியிருக்கும் சவ்வு வலை வெகுவாகப் பெருகியிருந்தது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முழு வாதமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஏற்கெனவே இருந்த நொதிகள் சுறுசுறுப்பானதால் இந்த வேகம் வந்ததா, அல்லது உயிரணு புதிதாக நொதிகளைச் செய்ததா? விடை காண ஓர் எளிய வழி இருந்தது. மரபணுவிலிருந்து கட்டளை பிறப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின், அந்தக் கட்டளைப்படி புரதம் கோக்கப்படுவதைத் தடுக்கும் ப்யூரோமைசின் என்ற இரண்டு பொருட்கள் அப்போது கிடைத்தன. பினோபார்பிட்டோனுடன் அவற்றைக் கொடுத்தபோது ஈரலின் அந்த வேகம் தோன்றவே இல்லை. ஆக, மாத்திரை செய்தது உற்பத்தியைக் கூட்டியதுதான். எப்படி என்பது பின்னர் துலங்கியது. 1990களின் கடைசியில் மசாஹிகோ நெகிஷியின் குழு, ஈரல் உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே சும்மா கிடக்கும் ஒரு புரதம், பினோபார்பிட்டோன் வந்ததும் உட்கருவுக்குள் புகுந்து, நொதிகளுக்கான மரபணுக்களை இயக்கிவிடுவதைக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால் மாத்திரை அந்தப் புரதத்தைத் தொடுவதே இல்லை. உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும், ஏற்பி என்ற வேறொரு புரதத்தை அடைத்து, அதன் வழியாகத்தான் இதை அவிழ்த்துவிடுகிறது என்று 2013-இல் அதே குழு கண்டறிந்தது. தூங்குவதற்கென்று விழுங்கிய ஒன்று, ஈரலைக் கூடுதல் நேரம் வேலை செய்ய வைக்கிறது.

உற்பத்தி என்பதால் அதற்குக் காலம் பிடிக்கும், நிற்பதற்கும் காலம் பிடிக்கும். மகசூல் கூடும் மாதத்தில் தோட்டம் ஆள் சேர்ப்பதைப் போல ஈரல் ஒரே நாளில் நொதிகளைச் சேர்த்துவிடாது. மகசூல் குறைந்த மறுநாளே எல்லோரையும் அனுப்பிவிடவும் செய்யாது. பினோபார்பிட்டோன் உடம்பிலிருந்து பாதி வெளியேறவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 நாட்கள் ஆகும். புது மாத்திரை தொடங்கியபின் ஈரலின் வேகம் முழுதாக ஏற இரண்டு மூன்று வாரமும், நிறுத்தியபின் இறங்க அதே அளவோ இன்னும் கூடவோ ஆகலாம். 'மாத்திரையை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்று முதல் வாரத்தில் சொல்வது அதனால் சாட்சியமாகாது.

இனி உங்கள் பைகளுக்கு வருவோம். இதயத்தின் வால்வு கெட்டவர்களுக்கும் இரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் கொடுக்கிறார்கள். மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து அது: குறைந்தால் இரத்தம் கட்டியாக உறையும், கூடினால் இரத்தம் கசியும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையத் தேவையான காரணிகளைச் செய்வதும் ஈரல், வார்ஃபரினைச் சிதைப்பதும் ஈரல். பினோபார்பிட்டோன் சாப்பிடுகிறவரிடம் வார்ஃபரின் வேகமாகக் கரைந்துபோகும். மருத்துவர் சோதனையைப் பார்த்து அளவைக் கூட்டுவார். எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. வேறொரு மருத்துவர் வலிப்பு மாத்திரையை மாற்றுகிறார், அல்லது 'இப்போது வலிப்பு வருவதில்லையே' என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். சில வாரங்களில் ஈரலின் வேகம் இறங்கிவிடும். கூட்டிய வார்ஃபரின் அளவோ அப்படியே இருக்கும். ஈறில் இரத்தம், சிறுநீரில் இரத்தம், சிலருக்கு மூளைக்குள் இரத்தம். மருத்துவமனைப் படுக்கையில் தூக்கத்துக்கென்று பார்பிட்டுரேட் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது அதை மட்டும் நிறுத்திய நோயாளிகளிடம் இந்த விபரீதம் 1960களிலேயே கவனிக்கப்பட்டு எழுதப்பட்டிருக்கிறது. மாத்திரையைத் தொடங்கும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். நிறுத்தும்போது யாரும் இருப்பதில்லை.

பெண்களின் காரியம் இன்னும் அமைதியாக நடப்பது. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையின் ஹார்மோன்களையும் இதே நொதிகள் சிதைக்கின்றன. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாதவர் கருவுற்றால் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் அவருடையதாகவே இருக்காது. கையில் பதிக்கும் கருத்தடைக் குச்சியின் பலனும் இப்படிக் குறையலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் கருப்பையில் வைக்கும் செம்பு வளையத்தையும் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தொடுவதில்லை. ஆகவே இதற்கு வழி இருக்கிறது, சொன்னால்தான் கிடைக்கும். எலும்பின் கதையும் இப்படித்தான். வைட்டமின் டி-யையும் ஈரல் வேகமாகச் செலவழித்துவிடுவதால், நெடுநாள் வலிப்பு மருந்து எடுப்பவர்களின் எலும்பு மெலிவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 'நம் ஊர் வெயிலில் வைட்டமின் டி-க்கு என்ன குறை?' என்று கேட்பீர்கள். 2016-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, நெடுநாள் வலிப்பு மருந்து எடுக்கும் மலேசியப் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்ததைக் காட்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்து, வெயிலில் குறைந்த நேரம், பன்னிரண்டு வயதுக்கு மேல், பெண்பிள்ளை, இந்திய வம்சாவளி ஆகியவை குறைபாட்டோடு சேர்ந்துவந்த காரணங்கள். அந்த ஆய்வு ஈரலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தப் பட்டியலின் கடைசி வரி நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது.

ஈரலின் இந்தப் பழக்கம் எப்போதும் கெடுதல் என்பதும் இல்லை. இந்த மாத்திரையைச் சாப்பிட்ட தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை குறைவாக வருவதை டென்மார்க்கில் 1968-இல் ஒருவர் கவனித்து எழுதினார். மஞ்சள் நிறமியை வெளியேற்றும் நொதியையும் பினோபார்பிட்டோன் கூட்டுகிறது. நீல விளக்குச் சிகிச்சை பரவும்வரை காமாலைக்கே இதைக் கொடுத்தார்கள். பிறவியிலேயே அந்த நொதி குறைந்த ஒரு வகை நோயாளிகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஒரே வேலை ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் தொல்லையாகவும் ஆகிறது.

இந்த வரிசையில் பினோபார்பிட்டோன் தனியாக இல்லை. வலிப்புக்கான ஃபெனிடோயினும் கார்பமாசெபினும் இப்படியே ஈரலைத் தூண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எல்லாவற்றையும் மிஞ்சும்: அதை எடுப்பவருக்கு மிடாசோலம் என்ற தூக்க மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி இரத்தத்தை எட்டாமலே சிதைந்துவிடுகிறது. 2005 முதல் நம் நாட்டில் போதைப்பித்தர்களுக்கு மெத்தடோன் கொடுக்கிறார்கள். மெத்தடோன் எடுப்பவருக்குக் காசநோயோ வலிப்போ வந்து இந்த மருந்துகள் சேர்ந்தால், மெத்தடோனின் அளவு சரிந்து, கைகால் முறுக்கும் வேதனை திரும்பிவரும். 'திரும்பவும் கெட்ட சகவாசம்' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். எதிர்த்திசையும் உண்டு. வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து பினோபார்பிட்டோன் சிதைவதைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்து எடுக்கிறவர் பகலிலும் தலை தூக்க முடியாமல் கிடக்கலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மதுவைச் சொல்லாமல் தோட்டத்து ஈரலைப் பற்றி எழுத முடியாது. கள்ளுக்கடையும் சம்சுவும் நம் சரித்திரத்தில் எத்தனை குடும்பங்களைத் தின்றன என்பது இந்த மடலின் பொருளன்று. அதை நீங்களே அறிவீர்கள். நான் சுட்டுவது வேறொன்று. மதுவும் மூளையை மந்தமாக்கும் பொருள்தான், அதுவும் ஈரலின் நொதிகளைக் கூட்டுகிறது. 1968-இல் நியூயார்க்கில் சார்லஸ் லீபரும் டிகார்லியும் மதுவைச் சிதைக்கும், ஈரலின் ஒரு தனி ஏற்பாட்டை விளக்கினார்கள். அதிலிருந்து ஒரு முரண் விளங்கியது. தினமும் குடிப்பவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் தூக்க மருந்துக்கு எளிதில் மசியமாட்டார். பெருகிய நொதிகள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அதே மனிதர் குடித்திருக்கும்போது மது அந்த நொதிகளை ஆக்கிரமித்துக்கொள்வதால், அதே அளவு மாத்திரை மூச்சையே நிறுத்திவிடலாம். 'நேற்று இரண்டு மாத்திரை போட்டும் தூங்கவில்லை' என்ற கணக்கை வைத்து இன்றைக்கு யாரும் கொடுக்கக் கூடாது. இன்னொரு கிளையும் உண்டு: மது கூட்டும் நொதி பனடோலின் ஒரு பகுதியை ஈரலுக்கே நஞ்சான பொருளாக மாற்றுகிறது. நாள்தோறும் குடிப்பவர் தலைவலிக்குப் பனடோலை அள்ளிப் போடுவது அதனால் விளையாட்டுக் காரியமில்லை.

'இதையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?' என்பது நியாயமான கேள்வி. தெரிந்தால் பார்த்துக்கொள்வார். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே டிரஸர் இருந்தார். அவருடைய கையால்தான் எல்லோருக்கும் எல்லா மருந்தும் போயிற்று. யார் வீட்டில் என்ன நோய் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மருந்தெல்லாம் ஒருவருடைய கண்ணில் பட்டது. இன்று ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, மக்கள் டுரியான் துங்கலிலும் செங்கிலும் பத்து பிரண்டாமிலும் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். வலிப்புக்கு அரசாங்க மருத்துவமனை, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்துக் கிளினிக், காய்ச்சலுக்குத் தொழிற்சாலையின் பேனல் கிளினிக், மூட்டுவலிக்குப் பார்மசி, மீதிக்கு நாட்டு மருந்துக்கடை. ஒரு கவுண்டரின் கம்ப்யூட்டரில் இருப்பது அடுத்த கவுண்டருக்குத் தெரிவதில்லை. இவை அனைத்தும் சந்திக்கும் ஒரே இடம் நோயாளியின் ஈரல். அதற்கு முன்னால் சந்திக்க வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். சுகாதார அமைச்சு 2007 முதல் 'கெனாலி உபாட் அண்டா' என்று உங்கள் மருந்தை அறிந்துகொள்ளச் சொல்லிவருகிறது. சுவரொட்டியாக நிற்கும் அந்த வாசகத்தை ஒரு தாளில் எழுதிய பெயர்ப் பட்டியலாக மாற்றினால் போதும். மாத்திரையின் பெயர், அளவு, என்று தொடங்கியது, என்று நிறுத்தியது. மலாயிலோ ஆங்கிலத்திலோ பொட்டலத்தைப் பார்த்து எழுதுங்கள். தமிழில் எழுதினால் கவுண்டரில் இருப்பவருக்குப் பயன்படாது. 'என்று நிறுத்தியது' என்ற கட்டத்தை எதற்காகக் கேட்கிறேன் என்று வார்ஃபரின் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

'நாட்டு மருந்தையும் எழுத வேண்டுமா, அது இயற்கைதானே?' என்பது அடுத்த ஆட்சேபம். ஈரலுக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குக் குடிக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஈரல் நொதிகளைக் கூட்டியதால், மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களின் உடம்பு அந்த இதயத்தையே எதிர்த்த சம்பவங்கள் 2000-இல் மருத்துவ இதழில் வெளிவந்தன. நம் பூஜைத் தட்டில் இருக்கும் பம்பளிமாஸ் எதிர்வேலை செய்யும்: சில நொதிகளைத் தடுத்து, சிறுநீரகம் மாற்றியவர்களின் மருந்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு விற்கும் சில 'மூலிகை' மாத்திரைகளில் டெக்ஸாமெதசோன் கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறார்கள். நாட்டு மருந்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பெட்டியில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், பட்டியலில் அதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

கடைசி ஆட்சேபம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது: 'இவ்வளவு தொல்லை தரும் மாத்திரையை ஏன் சாப்பிட வேண்டும்?' வலிப்பு அதைவிடப் பெரிய தொல்லை என்பதால். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு அடுத்தடுத்து வந்து, நிற்காமல் உயிரையே பறிக்கலாம். ஈரலைத் தூண்டாத லெவெட்டிராசெட்டம் போன்ற புதிய மருந்துகள் இருக்கின்றன; மாற்றலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். மாற்றுவதாக இருந்தால் அவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார், பையிலிருக்கும் மற்ற மருந்துகளின் அளவையும் கூடவே திருத்துவார். டயசிபாம் போன்ற மற்ற தூக்க மாத்திரைகளையும் இதே கணக்கில் சேர்த்துப் பயப்பட வேண்டாம். அவை மனித ஈரலை இப்படித் தூண்டுவதில்லை. அவற்றின் தொல்லைகள் வேறு.

மாசி மகம் நெருங்கும்போது, மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்வி விரதத்தின் வடிவில் வரும். செங்கில் சன்னாசிமலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர் விரத நாட்களில் மாத்திரையையும் விட்டுவிட எண்ணலாம். பினோபார்பிட்டோன் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் பெரும்பாலோருக்கு இரவில் ஒரு வேளையாகத்தான் கொடுக்கிறார்கள். பகல் விரதத்துக்கும் அதற்கும் மோதலே இல்லை. காலையிலும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் விரதம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நேரத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். தேரோடு இரவெல்லாம் விழித்திருப்பதைப் பற்றியும் அப்போதே கேளுங்கள், தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும்.